ஏரி உறைந்தால் வாத்து நம் வாவிக்கு வருமா?

மார்கழி பாதி தாண்டியதும் நுவரெலியாப் பக்கம் இரண்டு வகைப் படங்கள் கைத்தொலைபேசிகளில் சுற்ற ஆரம்பிக்கும். ஒன்று, புல்லிலும் தேயிலைச் செடியிலும் வெள்ளையாகப் படிந்த உறைபனி. மற்றது, எங்கோ வடக்கு நாட்டில் உறைந்துபோன ஏரியின் நடுவே, மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் நெருக்கியடித்து மிதக்கும் வாத்துக் கூட்டம். இரண்டையும் பார்த்துவிட்டு யாராவது ஒரு முடிவு சொல்வார்கள்: "அங்க ஏரியெல்லாம் உறைஞ்சு போச்சு, குளிர் தாங்காம எல்லாம் கிளம்பிருச்சு. நம்ம ஊரும் குளிர் ஊருதானே, கிரகரி வாவிக்குத்தான் வரும் பாருங்க."

ஏரி உறைவது உண்மை. பறவைகள் கிளம்புவதும் உண்மை. குளிர் தாங்காமல் கிளம்புகின்றன என்பது பெரும்பாலும் பிழை. குளிர் ஊரைத் தேடி நம்மிடம் வரும் என்பது முழுப் பிழை. ஆனால் வடக்கு நாடுகளில் அபூர்வமான நீர்ப்பறவைகளைத் தேடுகிறவர்கள் ஏரி உறையத் தொடங்கும் அந்தச் சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தால், மலையகத்தில் நாம் எதைப் பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் பிடிபட்டுவிடும்.

உறைபனி வேறு, உறைந்த ஏரி வேறு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் மேகமே இல்லாத, காற்று அசையாத இரவுகளில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகம் இல்லாவிட்டால் போனது போனதுதான். விடியும் நேரத்தில் புல் நுனி, தேயிலைக் கொழுந்து, உருளைக்கிழங்குச் செடியின் இலை எல்லாம் 0 பாகை செல்சியசுக்கு இறங்கிவிடுகின்றன. ஓர் ஆள் உயரத்தில் காற்று இரண்டு மூன்று பாகை கூடுதலாக இருந்தாலும் இது நடக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்த இலைகளின் மேல் படிகமாகப் படிகிறது. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். கொழுந்து கருகி நிற்கும்போதுதான் சேதம் எவ்வளவு என்று தெரியும்.

புல் நுனியில் இருக்கும் சூடு மிகக் கொஞ்சம், உடனே தீர்ந்துவிடும். வாவி அப்படியில்லை. தண்ணீர் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடியற்காலையில் சில மணி நேரம் அடிக்கும் குளிரால் அத்தனை தண்ணீரையும் குளிர்விக்க முடியாது, பத்து மணி வெயில் வந்து இழந்ததை ஈடுகட்டிவிடும். குளிர் காலையில் கிரகரி வாவியின் மேல் ஆவி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால்தான் அந்த ஆவி எழுகிறது.

ஆகவே புல் வெளுத்ததை வைத்து வாவி உறையப் போகிறது என்று சொல்ல முடியாது. ஏரி உறைய வேண்டுமானால் குளிர் வாரக்கணக்கில், பகலிலும் விடாமல் இருக்க வேண்டும். அது நம் மலையில் நடப்பதில்லை.

ஏரி எப்படி உறைகிறது?

பெரும்பாலான பொருட்கள் குளிரக் குளிரச் சுருங்கிப் பாரமாகிக்கொண்டே போகும். தண்ணீரும் அப்படித்தான், ஆனால் 4 பாகை வரைதான். 4 பாகையில் தண்ணீர் மிகப் பாரமாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகிவிடும். உறைந்து பனிக்கட்டியானால் இன்னும் லேசு, அதனால்தான் அது மிதக்கிறது.

இந்த ஒரு குணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வடக்கே செப்டெம்பர், ஒக்டோபரில் காற்று குளிரும்போது ஏரியின் மேல்நீர் குளிர்ந்து பாரமாகிக் கீழே இறங்கும். கீழே இருக்கும் கொஞ்சம் சூடான நீர் மேலே வரும், அதுவும் குளிர்ந்து இறங்கும். இப்படி ஏரி முழுவதும் மேலும் கீழுமாகக் கலப்பதற்கு நீர்ப் புரட்டல் என்று பெயர். மேலிருந்து அடிவரை எல்லாத் தண்ணீரும் 4 பாகைக்கு வந்தபிறகுதான் இது ஓயும். அப்புறம் மேல்நீர் மேலும் குளிர்ந்தால் அது லேசாகிவிட்டதால் கீழே போகாது, மேலேயே நிற்கும். அந்த மெல்லிய அடுக்கு வேகமாக 0 பாகைக்கு இறங்கும். காற்றில்லாத, தெளிந்த ஓர் இரவு வந்தால் போதும், விடிவதற்குள் ஏரியின் மேல் பனிக்கட்டித் தோல் போர்த்திவிடும்.

முழங்கால் ஆழக் குட்டைக்கு இந்த வேலை சில நாட்களில் முடிந்துவிடும். ஆழமான ஏரிக்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். காற்று அடித்துக்கொண்டே இருந்தால் அலை தோலைக் கிழித்துவிடும், உறைவது தள்ளிப்போகும். உப்பு இருந்தாலும் தள்ளிப்போகும். ஆறு வந்து விழும் இடமும் வெளியேறும் இடமும் கடைசிவரை திறந்திருக்கும்.

ரஷ்யாவின் பைக்கால் ஏரி 1,642 மீற்றர் ஆழம். சுற்றியுள்ள சின்ன ஏரிகள் எப்போதோ கல்லாகிவிட்டிருக்கும், பைக்கால் முழுமையாக மூடிக்கொள்ள ஜனவரி ஆகிவிடும். அதன்பிறகும் அங்காரா ஆறு அதிலிருந்து வெளியேறும் முகத்துவாரம் உறைவதில்லை, ஏனென்றால் ஆழத்து நீர் அங்கே மேலே வருகிறது. நடுங்கும் சைபீரியக் குளிரில் ஆயிரக்கணக்கான முக்குளி வாத்துகள் அந்த இடத்தில்தான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. கிர்கிஸ்தானின் இசிக்குல் ஏரி இன்னும் சுவாரசியம். அது இருக்கும் உயரம் ஏறத்தாழ 1,607 மீற்றர், நுவரெலியாவைவிடத் தாழ்வு. ஆனால் அங்கே அடிக்கும் குளிர் நாம் கண்டிராத குளிர். அப்படியும் அந்த ஏரி உறைவதே இல்லை, ஏனென்றால் 668 மீற்றர் ஆழம், தண்ணீரில் லேசான உப்பு. அதனால் அங்கும் பெரிய வாத்துக் கூட்டங்கள் தங்குகின்றன.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே வட்டாரத்தில், ஒரே குளிரில், ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே மூடுகின்றன. முதல் ஏரி மூடுவதற்கும் கடைசி ஏரி மூடுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது.

வாத்துக்குக் குளிராதா?

குளிரும்தான். ஆனால் அதற்கான ஏற்பாடு அதன் உடம்பிலேயே இருக்கிறது. வெளி இறகுகளுக்கு முதுகுப் பக்கம் வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்துப் பூசிக்கொள்வதால் தண்ணீர் உள்ளே இறங்காது. அதன் அடியில் தூவி இறகு. நாம் விலை கொடுத்து வாங்கும் நல்ல குளிர்ச் சட்டைகளுக்குள் அடைப்பதும் அதே தூவிதான்.

மூடாமல் இருப்பது கால் மட்டும். பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நிற்கும் வாத்தைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் அதிகம். காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டினாற்போல் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இறங்கும் சூடு பாதத்துக்குப் போய் வீணாகாமல், ஏறி வரும் இரத்தத்துக்கே மாறிவிடுகிறது. எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்பது இதுதான். பாதம் உறையாத அளவுக்குக் குளிர்ந்தே இருக்கும், உடம்பின் சூடு உடம்பிலேயே தங்கும்.

எனவே பத்துப் பதினைந்து பாகை மைனஸில்கூட, சாப்பாடு கிடைக்கும்வரை பல இன வாத்துகள் அசையாது. பனிக்கட்டியால் வரும் தொல்லை சாப்பாட்டின் மேல் விழும் மூடிதான். அந்த மூடி எல்லாருக்கும் ஒரே நாளில் விழுவதில்லை.

வாத்துகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக் கவிழ்ந்து மேய்கிறவை மேய்வாத்துகள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, நாமத்தலை வாத்து எல்லாம் இந்த வகை. இவற்றுக்குக் கழுத்து எட்டும் ஆழம்தான் வயல், ஓரடி, ஒன்றரை அடி. முழுதாக மூழ்கி அடியில் போய்த் தேடுகிறவை முக்குளி வாத்துகள். ஆழமில்லாத நீர்தான் முதலில் உறையும் என்று பார்த்தோமே, ஏரியிலும் ஓரம்தான் முதலில் உறையும், ஆகவே மேய்வாத்துக்குத்தான் முதலில் கதவு மூடும். முக்குளி வாத்து நடு ஏரியில் இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். மீன் பிடிக்கும் பெரிய முக்குளிப் பறவைகளில் சில, தண்ணீர்மேல் நீண்ட தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். பனிக்கட்டி சுற்றி நெருக்கி ஓடுதளத்தைச் சுருக்கிவிட்டால் அவை மாட்டிக்கொள்வதும் உண்டு.

சுருக்கமாக: வாத்தை விரட்டுவது வெப்பமானி காட்டும் எண் அல்ல, சாப்பாட்டுக்கு மேல் விழுந்த மூடி. யார் எங்கே மேய்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கிளம்பும் நாள் மாறும்.

கடையடைப்பு நாளில் திறந்திருக்கும் கடை

இப்போது அபூர்வப் பறவை விஷயத்துக்கு வருவோம். ஹட்டனில் ஒரு நாள் கடையடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸாரில் எல்லாக் கடையும் மூடிவிட்டன, ஒரு மூலையில் ஒரே ஒரு கடை மட்டும் திறந்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கடை வாசலில் யாரைப் பார்ப்பீர்கள்? வழக்கமாக வருகிறவர்களோடு, பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வந்தவர்கள், இத்தனை வருஷமாக இதே ஊரில் இருந்தும் நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத முகங்கள். அவர்கள் அன்றைக்குப் புதிதாக முளைத்து வரவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள், உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாகத் திறந்திருக்கும் ஏரியில் நடப்பதும் இதுதான். ஒரு வட்டாரத்தில் நூறு ஏரிகள், பத்தாயிரம் வாத்துகள், அவற்றில் ஐந்தே ஐந்து அபூர்வமானவை என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ஓர் ஏரிக்குப் போனால் நூறு வாத்து பார்க்கலாம், அந்த ஐந்தில் ஒன்று அதில் இருக்க இருபதில் ஒரு வாய்ப்புத்தான். தொண்ணூற்றெட்டு ஏரி உறைந்து, எல்லா வாத்தும் மிச்சமுள்ள இரண்டு ஏரியில் அடைந்துவிட்டால்? எந்த ஏரிக்குப் போனாலும் ஐயாயிரம் பறவை, அதில் இரண்டு மூன்று அபூர்வம். பறவைகளின் எண்ணிக்கை கூடவே இல்லை. பரப்பு சுருங்கியது, அவ்வளவே. "இந்த வருஷம் அபூர்வப் பறவை நிறைய வந்துச்சு" என்ற பேச்சில் பாதிக்கு மேல் இந்தச் சுருக்கம்தான் என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி இடப்பெயர்ச்சி. இன்னும் வடக்கே இருந்த ஏரி மூடியதால், வழக்கமாக அங்கேயே பனிக்காலம் கழிக்கும் பறவை ஒரு படி தெற்கே இறங்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது புது விருந்தாளி. அதனால்தான் அங்குள்ள பறவை பார்ப்பவர்கள் வானிலை அறிக்கையையும் ஏரிகளின் ஆழத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, எந்த ஏரி கடைசியில் மூடும் என்று கணக்குப் போட்டு அங்கே போய் நிற்கிறார்கள். அவ்வளவு பேர் ஒரே ஏரியை உற்றுப் பார்த்தால் கண்டுபிடிப்பதும் கூடும்தானே.

இந்த வாய்ப்பு நீண்ட நாள் இருக்காது. கடைசி ஏரியும் மூடிய மறுநாள் அந்த இடம் வெறிச்சோடிவிடும்.

நாள் பார்த்துக் கிளம்புகிறவை

இனி நம் கதை. வடக்கே உறைந்தால் இலங்கையில் வாத்து கூடுமா? அதிகம் கூடாது. ஏனென்றால் நம்மிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை பனிக்கட்டியைப் பார்த்துக் கிளம்பியவையே அல்ல.

வலசையில் இரண்டு விதம் உண்டு. பகல் நேரம் குறைவதை உடம்பு உணர்ந்து, உறைய வெகுநாள் முன்பே, ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே காலத்தில் கிளம்புவது ஒன்று. அதை நாள்வலசை என்போம். சாப்பாடு கிடைக்கும்வரை இருந்துவிட்டு, மூடி விழுந்த பிறகு, தேவையான தூரம் மட்டும் நகர்வது இன்னொன்று. அது நிலைவலசை. பகல் நேரம் என்பது நமக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. நம் மலையகத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஆனால் 60 பாகை வட அகலாங்கில் ஜூன் மாதப் பகல் 18 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 6 மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே வாழும் பறவைக்கு அதைவிட நம்பகமான அறிவிப்பு வேறு இல்லை. ஒரு வருஷம் பனி முந்தும், ஒரு வருஷம் பிந்தும். பகல் மட்டும் எந்த வருஷமும் கணக்குத் தவறாது.

இலங்கைக்கு வரும் வலசை வாத்துகளில் மிகச் சாதாரணமானது நீலச்சிறகி. இது நாள்வலசைக்குச் சரியான உதாரணம். ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே வடக்கை விட்டுக் கிளம்பிவிடும். பனிக்காலத்தைத் தெற்காசியா, ஆபிரிக்கா போன்ற சூட்டு நாடுகளில்தான் கழிக்கும். தான் குஞ்சு பொரித்த குளம் உறைவதை அது தன் வாழ்நாளில் பார்க்கவே பார்க்காமல் போகலாம். மாறாக, அங்காரா முகத்துவாரத்தில் தங்கும் முக்குளி வாத்துகள் நிலைவலசைக்காரர்கள். மூடினால் அடுத்த திறந்த தண்ணீர்வரை நகரும். இலங்கைவரை வர அவற்றுக்குத் தேவையே இல்லை.

நடுவில் எத்தனை திறந்த தண்ணீர் இருக்கிறது என்பதைப் பாருங்கள். கஸ்பியன் கடல், சிந்து ஆற்றுச் சமவெளி, கங்கைச் சமவெளி, தக்காணத்து ஏரிகள், தமிழ்நாட்டுக் கண்மாய்கள். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிர். தால் ஏரியின் பகுதிகள் உறையும் வருஷங்களில் அங்குள்ள வாத்துகள் சமவெளிக்கு இறங்கினால் போதுமே, கடல் தாண்ட வேண்டியதில்லை. நாம் மத்திய ஆசியப் பறவை வழியின் கடைக்கோடியில் இருக்கிறோம். ஆர்ட்டிக் முதல் இந்தியப் பெருங்கடல்வரை, 30 நாடுகளைத் தொட்டு வரும் பாதை அது. தேவேந்திரமுனைக்குத் தெற்கே அந்தாட்டிக்காவரை நிலமே கிடையாது. இவ்வளவு தூரம் வருவது வரவேண்டும் என்று உடம்பிலேயே எழுதப்பட்டவைதான். நம் பக்கம் வந்தபின் அவற்றை அங்கும் இங்கும் நகர்த்துவது பனிக்கட்டி அல்ல, வடகீழ்ப் பருவமழை. எந்தக் குளம் நிரம்பியது, எது வற்றியது என்பதுதான் கணக்கு.

ஆக, வடக்கு ஏரி உறைந்த செய்திக்கும் நம் குளத்து வாத்துக்கும் நேரடித் தொடர்பு மெல்லியது. எப்போதாவது ஓரிரு பறவைகளை அது இன்னும் தெற்கே தள்ளியிருக்கலாம். பெருங்கூட்டத்துக்கு அது காரணம் அல்ல.

அபூர்வம் என்பதில் மூன்று வகை

இந்தச் சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துபோன இனங்கள் ஒரு வகை. வேறு இடத்தில் ஏராளமாக இருந்து, இங்கே வழிதவறி வருகிறவை இன்னொன்று. வரித்தலை வாத்து அப்படி. மங்கோலியா, திபெத் மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வரும். 7,000 மீற்றருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். திருநெல்வேலிக் கூந்தன்குளத்துக்கு அது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி, அங்கிருந்து ஒரு நீரிணை தாண்டினால் நம் நாடு, இருந்தும் இங்கே அதைக் காண்பது மிக அருமை.

மூன்றாவது வகையை யாரும் மதிப்பதில்லை, மலையகத்துக்கு அதுதான் முக்கியம்: நாட்டில் சாதாரணம், அந்த இடத்தில் அபூர்வம். மன்னாரில் நீலச்சிறகியைப் பார்த்தேன் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதே பறவை நுவரெலியாவில் இறங்கினால் அது பதிவு செய்ய வேண்டிய செய்தி.

நம் நீர்த்தேக்கங்களில் ஏன் வாத்து இல்லை?

காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை என்று மலையகத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பார்க்கவும் அழகு. ஆனால் மேய்வாத்தின் கண்ணால் பாருங்கள். பள்ளத்தாக்கை அணைகட்டி நிரப்பிய நீர். கரை செங்குத்தாக இறங்குகிறது, இரண்டு எட்டு வைத்தால் ஆழம். கழுத்து எட்டும் ஓரடித் தண்ணீர் எங்கே? மின்சாரத்துக்கு நீர் திறக்க மட்டம் ஏறியிறங்கிக்கொண்டே இருப்பதால் ஓரத்தில் நீர்ச்செடி வேர்பிடிக்காது, வெறும் செம்மண் வளையம்தான் தெரியும். குளிர் ஊர் என்பதால் வாத்துக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. அதற்குத் தேவை, ஆழமில்லாத சேறும் செடியும்.

கிரகரி வாவி 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. ஓரங்களில் கொஞ்சம் செடி உண்டு. கானாங்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கொக்கு இவற்றைப் பார்க்கலாம். ஆனால் பகல் முழுவதும் இயந்திரப் படகும் நீர் ஸ்கூட்டரும் ஓடும் தண்ணீரில் எந்தக் காட்டு வாத்து அமைதியாக மேயும்? "வாவியில அன்னம் நிக்குது" என்று வரும் செய்திகளில் பாதி மிதிபடகு, மீதி யாரோ வளர்க்கும் வாத்து.

இதற்கு நேர்மாறான இடம் மன்னார். 2010இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட வங்காலைப் பகுதியில் ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருக்கிறது. அங்கே நாமத்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் ஆயிரக்கணக்கில் இறங்கும். வாத்துதான் வேண்டும் என்கிறவர்கள் தைப்பொங்கல் விடுமுறையில் அங்கே ஒரு பயணம் போவதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் மலையில் எதைப் பார்ப்பது?

நிறைய இருக்கிறது, தண்ணீரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால். குளிர்காலத்தில் மலைக்கு வரும் உண்மையான விருந்தாளிகள் காட்டுப் பறவைகள். காஷ்மீர் ஈபிடிப்பான் பெயருக்கேற்றபடி காஷ்மீர்ப் பக்கக் காடுகளில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நம் மலையிலும் கழிக்கிறது. அதையும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியையும் ஆறுமணிக் குருவியையும் தேடி வெளிநாட்டுக்காரர்கள் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கே வருகிறார்கள். நாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு இல்லாத அன்னத்தைத் தேடுகிறோம். ஓடைக் கரையில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் சாம்பல் வாலாட்டியும் வடக்கிலிருந்து வந்ததுதான்.

தண்ணீரைத்தான் பார்ப்பேன் என்றால் நீர்மட்டம் இறங்கும் காலத்தைக் கவனியுங்கள். வறட்சியில் மவுசாக்கலை வற்றும்போது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரியும், எல்லாரும் அதைப் பார்க்கப் போவார்கள். அதே நேரத்தில் வெளிப்படும் சேற்று விளிம்பில்தான் உள்ளான் வகைப் பறவைகள் இரை தேடும். நம் மலையில் வடக்கத்தி ஏரி உறைவதற்குச் சமமான சந்தர்ப்பம் இதுதான் என்பேன். நீர்ப்பரப்பும் சுருங்குகிறது, பறவையும் விளிம்புக்கு வருகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை, படகு ஓடத் தொடங்குவதற்கு முன், விடிந்ததும் போவது நல்லது. மூட்டம் விலகும்வரை பொறுமை வேண்டும். 8 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். வாத்து மாதிரி ஒன்று தெரிந்தால் முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள். ஆண் வாத்துகள் கோடை முடிவில் பளபளப்பான இறகை உதிர்த்து, பெண் வாத்தைப் போல மங்கலான இறகுக்கு மாறிவிடும். நீலச்சிறகி ஆண் அந்தக் கோலத்தில் வெகுநாள் இருக்கும், ஆகவே மார்கழியில் நீலச்சிறகிகளில் பெரும்பாலானவை பழுப்பு வாத்துதான். அலகின் வடிவம், கழுத்தின் நீளம், பறக்கும்போது சிறகில் தெரியும் பட்டை, கவிழ்ந்து மேய்கிறதா முழுதாக மூழ்குகிறதா, இவைதான் அடையாளம். காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ இருந்தால் அதன் நிறத்தையும் எழுத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்காமல் சொல்ல அது உதவும். அருகில் போய்ப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதும், மேலே ட்ரோன் விடுவதும் வேண்டாம். இறந்து கிடக்கும் நீர்ப்பறவையைக் கையால் தொடக் கூடாது, பறவைக் காய்ச்சல் காரணமாக.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது, இலங்கையும் அதில் உண்டு. உங்கள் ஊர் வாவியைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு தடவை அதே இடத்தில் நின்று எண்ணி, தேதி, நேரம், நீர்மட்டம் மூன்றையும் சேர்த்து எழுதி வைத்தால் உங்கள் குறிப்பும் அந்த வரிசையில் சேரத் தகுதியானதே. ஒரு வாத்தும் இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். பூச்சியங்கள் எத்தனை என்று தெரியாமல், பிறகு ஒருநாள் வரும் ஒற்றை நீலச்சிறகி அங்கே எவ்வளவு அபூர்வம் என்று யாராலும் சொல்ல முடியாது.